பாத்திரத்தின் அடியைப் பார்த்தல்: கொழும்பில் பித்தளை தேடி ஒரு பயணம்

வியாழக்கிழமை, செட்டியார் தெரு

யாழ்ப்பாணத்து வீடுகளில் இப்போது காணக் கிடைக்காத பித்தளைச் சாமான்களைப் பார்ப்பதற்குக் கொழும்புக்கு வர வேண்டியிருக்கிறது என்பது விந்தையாகத் தோன்றலாம். வாங்குவோர் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் பழம்பொருள் போய்ச் சேரும் என்பதை நினைத்தால் அதில் விந்தை ஏதும் இல்லை. உணவு பரிமாறவும் நீர் அருந்தவும் நம்மவர் கையாண்ட பழைய பித்தளை, வெண்கலக் கலங்களைப் பார்ப்பதும், அவற்றை வார்த்தும் தட்டியும் கடைந்தும் உள்ளே ஈயம் (வெள்ளீயம்) பூசியும் வந்த தொழிலில் இன்று எஞ்சியிருப்பது என்ன என்று அறிவதுமே இந்தப் பயணத்தின் நோக்கம். பழையதைப் பார்ப்பதற்கு முன் புதியதைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்வது நல்லது என்று எண்ணி, இரவு பஸ்ஸில் வந்திறங்கிய களைப்போடு முதலில் செட்டியார் தெருவுக்குப் போனேன்.

இந்தத் தெரு நகைக்கடைகளுக்குப் பெயர்போனது. பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் இங்கேயே இருப்பதால், தங்கக் கடைகளுக்கு நடுவே பூசைப் பொருட்கள் விற்கும் கடைகளும் நெடுங்காலமாக நிலைத்திருக்கின்றன. வாசலிலேயே குத்துவிளக்குகள் உயர வரிசையில் நிற்கின்றன. உள்ளே செம்பு, தாம்பாளம், தூபக்கால், கைமணி, பன்னீர்ச்செம்பு ஆகியன அடுக்கடுக்காக இருக்கின்றன. விளக்கின் உச்சியைப் பார்த்தாலே அது யார் வீட்டுக்குப் போகப்போகிறது என்று சொல்லிவிடலாம்: அன்னம் இருந்தால் தமிழர் வீட்டுக்கும், சேவல் இருந்தால் சிங்களவர் வீட்டுக்கும் திறப்பு விழா மேடைக்கும், சிலுவை இருந்தால் கிறிஸ்தவர் வீட்டுக்கும் போகும். நான் நுழைந்த கடைக்காரர் ஒரே தண்டில் மூன்று முடிகளையும் மாறிமாறித் திருகிக் காட்டினார். வியாபாரத்துக்குத் தெரிந்த சமரசம் இது.

கண்டிக்கு அண்மையில் உள்ள பிலிமத்தலாவைப் பக்கத்துப் பட்டறைகளில் வார்த்தவையும், கும்பகோணத்திலிருந்தும் வட இந்தியாவின் மொறாதாபாத்திலிருந்தும் வந்தவையும் ஒரே அலுமாரியில் இருக்கின்றன. பிலிமத்தலாவை வேலை கனதியானது. கையில் எடுத்தவுடனேயே தெரியும். மொறாதாபாத்துத் தட்டங்கள் பெரும்பாலும் தகட்டை இயந்திரத்தில் அழுத்தி எடுத்தவை. விளிம்பிலிருந்து நடுவரை ஒரே தடிப்பு, ஒரே வழவழப்பு. மனிதக் கை பட்டதற்கான தடம் மேற்பரப்பில் வெட்டிய பூவேலைப்பாட்டில் மட்டுமே உண்டு.

செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம் என்பது பாடசாலைப் பாடம். கலவையின் அளவுதான் பாத்திரம் செய்யும் கன்னாரின் பாடம். நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கொண்ட பித்தளை தட்டத் தட்ட விரிந்து கொடுக்கும். குடமும் செம்பும் தட்டுவதற்கு அது ஏற்றது. துத்தநாகம் நாற்பதை நெருங்கினால் உலோகம் மஞ்சளாகவும் கடினமாகவும் ஆகிவிடும். அதைத் தட்டுவதைவிட வார்ப்பதே புத்தி. மணி வெண்கலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே வெள்ளீயம் இருக்கும். அதனால்தான் அது தட்டினால் நீண்ட நேரம் இசைக்கிறது, சிமெந்து நிலத்தில் விழுந்தால் உடைந்தும் போகிறது. பித்தளை நெளியுமே தவிர உடையாது. பழைய பெண்கள் கடையில் விரலால் சுண்டிப் பார்த்து வாங்கியது சும்மா அல்ல.

இந்தக் கடையில் எல்லாம் நிறைக் கணக்கில்தான் விற்பனை. வேலைப்பாடு நன்றாக இருக்கும் செம்புக்கும் ஏனோதானோ என்று கடைந்த செம்புக்கும் கிலோ விலை ஒன்றே. கேட்டேன். "வேலைக்கு யாரும்மா காசு கொடுக்கிறாங்க? தராசு சொல்றதுதான் விலை" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் நல்ல கடைசற்காரன் ஒருவன் ஏன் மகனுக்குத் தொழிலைப் பழக்காமல் விட்டான் என்பதற்கும் அதுவே விடை.

வெள்ளிக்கிழமை, பம்பலப்பிட்டி

பழம்பொருள் விற்கும் கடை ஒன்றுக்குக் காலையிலேயே போய்விட்டேன். ஜும்மாவுக்காக மத்தியானம் பூட்டிவிடுவார்கள். காலி வீதியிலிருந்து உள்ளே செல்லும் ஒழுங்கை ஒன்றில், வெளியே பெயர்ப்பலகைகூட ஒழுங்காக இல்லாத பழைய வீடு அது. ஒல்லாந்தர் காலப் பாணியில் செய்த கதிரைகளுக்கும் உடைந்த சுவர்க்கடிகாரங்களுக்கும் பின்னால், பித்தளைக்கென்றே ஓர் அறை இருந்தது.

படிக்கங்கள், வெற்றிலைத் தட்டங்கள், பாக்குரல்கள், சுண்ணாம்புக் கரண்டகங்கள், கழுத்து வளைந்த நீர்க்கெண்டிகள், முஸ்லிம் வீடுகளில் ஒரே தட்டைச் சுற்றியிருந்து பலர் உண்ணும் சஹன் சாப்பாட்டுக்கு முன் விருந்தினர் கைகழுவுவதற்காகச் சுற்றிக் கொண்டுவரும் கெண்டியும் தாலமும் சேர்ந்த சோடிகள் என்று நிலத்திலிருந்து கூரைவரை இருந்தன. நடுவே ஒரு தட்டு நிறைய மூக்குப்பேணிகள். மூக்குப்பேணியைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. ஏனையோருக்குச் சொல்வதானால், வாய் அகன்ற கிண்ணத்தின் ஒரு பக்கத்தில் சிறிய மூக்கு வைத்த பானக் கலம் அது. உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பதற்காக வைத்த மூக்கு. எச்சில் படாத சுத்தம் நல்லதுதான். அதே சுத்தத்தின் பெயரால் சில சாதியாருக்கு இந்தப் பேணியைக் கொடுக்காமல் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்த வீடுகளும் இருந்தன. தேநீர்க் கடைகளில் சமமான குவளைக்காகப் போராட வேண்டியிருந்தது. 1957இல் சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்த பின்னும் அந்தப் போராட்டம் ஓயவில்லை. மூக்குப்பேணியை நம் பண்பாட்டின் சின்னமாகப் படம் போடுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

"இதெல்லாம் யாழ்ப்பாணத்துச் சாமான்தான், தங்கச்சி. பாதை தொறந்த நேரம் லொறியில வந்தது" என்றார் கடை நானா. 2002இல் ஏ-9 வீதி திறந்தபோது வடக்கே போய்வந்தவர்களில் அவரும் ஒருவர். 1995 இடப்பெயர்வின்போது கிணற்றடியிலும் வாழையடியிலும் புதைத்துவிட்டுப் போன பாத்திரங்களைத் தோண்டி எடுத்து விற்றவர்களிடம் வாங்கியதாகச் சொன்னார். ஏமாற்றி வாங்கியதாக நான் சொல்லமாட்டேன். கூரையில்லாத வீட்டுக்குத் திரும்பியவருக்குத் தகரமும் சிமெந்தும்தான் தேவைப்பட்டன, மூக்குப்பேணி அல்ல.

பழம்பொருள் வாங்கும் எவரும் முதலில் பாத்திரத்தைக் கவிழ்த்து அடியைப் பார்க்க வேண்டும். வாயும் வயிறும் விற்பனைக்காக மினுக்கப்பட்டிருக்கும். அடியை மினுக்க யாரும் மெனக்கெடுவதில்லை. கடைசலில் பிடித்துத் திருப்பிய பாத்திரத்தின் அடிநடுவில் கூர்முனை பதிந்த சிறு குழி இருக்கும். அதைச் சுற்றி உளி ஓடிய வட்டக் கோடுகள் இருக்கும். தட்டி எடுத்ததானால் சுத்தியலின் முகம் பட்ட மெல்லிய தளங்கள் சாய்வெளிச்சத்தில் தெரியும். பெரிய குடங்களிலும் கிடாரங்களிலும், தகட்டின் ஓரத்தைப் பல் பல்லாக வெட்டி, ஒன்றையொன்று கவ்வவைத்து, வெண்காரம் தூவி, பற்றாசு எனும் இணைப்பு உலோகம் வைத்து ஊதி இணைத்த வரி ஒன்று மேலிருந்து கீழாக ஓடும். அந்தப் பல்வரிசை ஒழுங்கற்று, கைக்குக் கை வேறுபட்டு இருந்தால், இயந்திரத் தகட்டு வேலைக்கு முந்திய கை அது என்று கொள்ளலாம். உள்ளே பார்த்தால் வரி கறுத்திருக்கும். பற்றாசின் நிறம் பித்தளையின் நிறத்தோடு ஒருபோதும் முற்றாக ஒத்துப்போவதில்லை.

களிம்பைக் கொண்டு வயதைச் சொல்ல முடியாது. பச்சை நிறம் மேலெல்லாம் ஒரே சீராகப் படர்ந்து, நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தால், அது போன மாதம் செய்த வயது. உண்மையான பழமை, கை படாத மடிப்புகளில் மட்டும் கறுத்து, கை பிடித்த இடத்தில் தேய்ந்து மெலிந்திருக்கும். செயற்கைப் பச்சைக்கு அமோனியா ஆவியைப் பயன்படுத்துவோரும் உண்டு. அதில் வெறும் பொய் மட்டுமல்ல, கேடும் இருக்கிறது. தட்டியபின் போதியளவு காய்ச்சித் தணிக்காத பித்தளைக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். அமோனியா பட்டால் அந்த இறுக்கத்தின் வழியே உலோகம் வெடித்துக் கீறும். பிரித்தானியர் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரைச் சிறுநீரின் அமோனியா எழும் லாயங்களில் வைத்த துப்பாக்கி ரவைகளின் பித்தளைக் கூடுகள் தாமாகவே கீறல் விட்டதன் காரணமும் இதுதான். 1921இல்தான் அது சரியாக விளக்கப்பட்டது. அமோனியா கலந்த மினுக்குத் திரவங்களைப் பழைய தட்டுவேலைப் பாத்திரத்தில் பூசுவோர் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நானாவோடு எனக்கு ஏற்பட்ட ஒரே வாக்குவாதம் பெயர்களைப் பற்றியது. நம் வீடுகளில் பாத்திரம் வாங்கினால் உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவது வழக்கம். சீதனச் சாமானானால் ஆண்டும் இருக்கும். இங்கே ஒரு செம்பில் மூன்று முதலெழுத்துகளின் நிழல் மட்டும் எஞ்சியிருந்தது. மற்றவை உராய்ந்து அழிக்கப்பட்டிருந்தன. "ஆள் பேர் இருந்தா வெளிநாட்டுக்காரர் வாங்க மாட்டாங்க" என்பது அவருடைய வாதம். ஒரு பாத்திரம் எந்த ஊரிலே, எந்தத் தலைமுறையில் புழங்கியது என்பதைச் சொல்லும் ஒரே எழுத்துச் சான்றை அழித்துவிட்டு, 'மிகப் பழையது' என்று அட்டை எழுதித் தொங்கவிடுவதை வியாபாரம் என்றுகூடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெளிநாட்டுக்காரர் என்றதும் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முன் செய்யப்பட்டது என்று கருதப்படும் பொருள் தொல்பொருளாகும்; கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அப்படிப்பட்ட பொருளைத் தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. கனடாவுக்கும் லண்டனுக்கும் பெட்டி கட்டும் உறவுகள், கடைக்காரர் 'முந்நூறு வருஷம்' என்று பெருமையாக எழுதித்தரும் பற்றுச்சீட்டை விமானநிலையத்தில் காட்டுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். கடைக்காரரின் கதை உண்மையானால் சாமான் தடைப்படும். பொய்யானால் பணம் போனது.

ஒரு சருவச்சட்டியை வாங்கினேன். வயிற்றில் ஒட்டுப் போட்டது, உள்ளே ஈயம் முழுவதும் போனது, ஆகவே மலிவு. அந்த ஒட்டுக்காகத்தான் வாங்கினேன்.

சனிக்கிழமை, தேசிய நூதனசாலை

1877 ஜனவரி 1இல் திறந்த இந்தக் கட்டடத்தை எழுப்ப வைத்தவர் ஆளுநர் வில்லியம் கிரகரி. கட்டியவர் கொழும்பு முஸ்லிம் ஒப்பந்தகாரரான வாப்புச்சி மரிக்கார். பொலன்னறுவையின் சோழர் காலச் செப்புத்திருமேனிகளின் முன்னால் எல்லோரும் நிற்பார்கள், நானும் நின்றேன். மெழுகில் உருவைச் செய்து, மண் பூசி, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையில் அச்சு ஒரு தடவைக்குத்தான். உடைத்தால்தான் உரு வெளியே வரும். சோற்றுத் தட்டுக்கும் செம்புக்கும் அந்த ஆடம்பரம் கட்டுப்படியாகாது. அன்றாடக் கலங்களுக்கு மணல் அச்சும் சுத்தியலுமே கதி.

நான் அதிக நேரம் செலவிட்டது காலிக் கல்வெட்டின் முன்னால். சீனம், பாரசீகம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளில் 1409ஆம் ஆண்டுத் திகதியோடு பொறித்து, சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹேயின் கப்பலில் வந்த கல் அது. 1911இல் காலியில் மதகு மூடியாகக் கிடந்தபோது கண்டெடுக்கப்பட்டது. தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில் கொண்ட தெனவரை நாயனாருக்கு அளித்த காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. பொன்னுக்கும் வெள்ளிக்கும் பட்டுக்கும் அடுத்து விளக்குத் தண்டுகளும் தூபக் கலங்களும் வருகின்றன. ஒரு பேரரசு இன்னொரு நாட்டுத் தெய்வத்துக்குக் கொடுக்கத் தகுந்தது என்று கருதிய பொருட்களில் உலோகக் கலங்களும் இருந்தன என்பதை அந்தத் தமிழ் எழுத்து சொல்கிறது.

அவை கப்பலில் வந்தது தற்செயலன்று. இலங்கையில், திருகோணமலை மாவட்டத்துச் செருவிலையில் செம்புப் படிவு இருப்பதே 1971இல்தான் தெரியவந்தது. இந்தத் தீவின் கன்னார் தொழில் பெரும்பாலும் கடல் வழியே வந்த உலோகத்தையும் பழைய பாத்திரத்தையும் நம்பியே நடந்தது. ஒல்லாந்தக் கம்பனி நாகசாகியிலிருந்து ஜப்பானியச் செம்பைச் சோழமண்டலக் கரைக்கும் இங்கும் கொண்டுவந்து விற்றது. ஆகவே உடைந்த பாத்திரம் குப்பையாக ஒருபோதும் போகவில்லை. அது அடுத்த பாத்திரத்தின் மூலப்பொருள். நம்மிடம் மிகப் பழைய அன்றாடக் கலங்கள் அரிதாக இருப்பதற்கு அழிவைவிட உருக்குதலே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

நூதனசாலை திறந்த அதே 1877இல் கொழும்பில் பிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கண்டி நாட்டுக் கைவினைஞரின் கருவிகளையும் செய்முறைகளையும் நேரில் பார்த்து, 1908இல் விரிவான நூலாக வெளியிட்டார். அந்தப் பதிவு அவர்களுக்கு வாய்த்தது. யாழ்ப்பாணத்துக் கன்னாரின் உலைக்கு அருகே அப்படி ஒருவர் குறிப்பேட்டோடு உட்காரவில்லை. தமிழரான அவர் ஏன் வடக்கே போகவில்லை என்று குறை சொல்வது எளிது. நூறு ஆண்டுகளாக நாம் ஏன் போகவில்லை என்று கேட்பதே நியாயம்.

ஞாயிற்றுக்கிழமை, வெள்ளவத்தை

பெரியம்மாவின் ஏழாம் மாடி வீடு. கட்டிலுக்குக் கீழே, பழைய சாரத்தில் சுற்றி, அவருடைய தாயாரின் பித்தளைச் சாமான்கள் இருக்கின்றன. வெளியே எடுத்து வைப்பது நிறைகுடச் செம்பும் குத்துவிளக்கும் மட்டுமே. அதுவும் விசேஷ நாட்களில். ஏன் புழங்குவதில்லை என்று கேட்டேன். மினுக்கும் கஷ்டத்தைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை.

"ஈயம் பூசுறவன் வராமல் விட்டாப்பிறகு இதில என்னத்தைச் சமைக்கிறது, பிள்ளை? புளிக்குழம்பு வைச்சால் களிம்பெல்லோ கக்கும்" என்றார்.

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அலுமினியமும் எவர்சில்வரும் பித்தளையை வென்றன என்றும், 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபின் பிளாஸ்டிக் வந்து எஞ்சியதையும் துடைத்தது என்றும் கட்டுரைகளில் படித்திருக்கிறோம். அது பாதி உண்மை. பித்தளைப் பாத்திரம் ஒருதடவை வாங்கி முடிந்துபோகும் பொருளன்று. ஆண்டுக்கு ஒருமுறையாவது பூச்சுக்காரர் படலையடிக்கு வந்து உலை மூட்டினால்தான் அது சமையற் பாத்திரமாக நீடிக்கும். அவர் வருவது நின்ற அன்றே, ஓட்டையோ நெளிவோ இல்லாத நல்ல பாத்திரம்கூடக் கட்டிலுக்குக் கீழே போய்ப் பழம்பொருளாகிவிட்டது. நீர் வைத்துக் குடிப்பதற்கு அந்தத் தடையில்லை. செம்புக் கலவைகளின் மேற்பரப்பு நுண்ணுயிர்களைக் கொல்வதை ஏற்று, 2008இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் அவற்றைப் பதிவும் செய்தது. ஆனால் அதைக் கொண்டு எல்லா நோயும் தீரும் என்று விற்கும் விளம்பரங்களைப் பெரியம்மாவுக்குக் காட்டியபோது அவர் சிரித்துவிட்டு என்னைத் தேநீர் குடிக்கச் சொன்னார், பீங்கான் கோப்பையில்.

திங்கட்கிழமை, பஞ்சிகாவத்தை

வாகன உதிரிப்பாகக் கடைகளுக்குப் பின்னால் பழைய உலோகம் நிறுக்கும் இடங்கள். தெருத் தெருவாகப் 'போத்தல் பத்தர' (போத்தல், பத்திரிகை) என்று சிங்களத்தில் கூவிப் பழையவற்றை வாங்குபவர்கள் கொண்டுவருவதும் கடைசியில் இங்கே வந்துசேர்கிறது. பித்தளைக் குவியலில் நீர்க்குழாய்த் தலைகள், பூட்டுகள், மின்விசிறிப் பாகங்கள், நசுங்கிய ஒரு படிக்கம், காது போன இரண்டு தாம்பாளங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விலை. நிறுப்பவர் வேலையாக இருந்தார். அதிகம் பேச முடியவில்லை.

ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டேன். குழாய்த் தலைகளும் திருகாணிகளும் இலகுவாகக் கடைய வரவேண்டும் என்பதற்காக ஒரு சில வீதம் காரீயம் கலந்த பித்தளையில் செய்யப்படுபவை. அந்தக் குவியல் அப்படியே உருகி விளக்கானால் கேடில்லை. நீர்ச்செம்பாகவோ தட்டமாகவோ ஆனால் அந்தக் காரீயமும் அடுக்களைக்கு வந்துவிடும். 'பழைய பித்தளையில் செய்தது' என்பதைப் பெருமையாகச் சொல்லும் கடைகளில், எந்தப் பழைய பித்தளை என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

செவ்வாய்க்கிழமை, கொட்டாஞ்சேனை

ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில், முன்னால் வீடும் பின்னால் பட்டறையுமாக இருக்கும் இடத்தைச் செட்டியார் தெருக் கடைக்காரர்தான் சொல்லியனுப்பினார். ஐயாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. தகப்பனார் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்து இந்த உலையைத் தொடங்கியவர். இப்போது கோயில் விளக்குகளைத் திருத்துவதும், ஹோட்டல்களுக்குக் கதவுக் கைப்பிடி வார்ப்பதும், மீன்பிடிப் படகுகளுக்குச் சில பாகங்கள் கடைந்து கொடுப்பதுமே வேலை. சமையற் பாத்திரம் என்று யாரும் வருவதில்லை. என் சருவச்சட்டியைக் கண்டதும், நான் பேசத் தொடங்குமுன்பே அதை வாங்கிக் கவிழ்த்து அடியைப் பார்த்தார்.

"இது வார்ப்பில்லை, தட்டு வேலை. இந்த ஒட்டுப் போட்டவன் நல்ல கைக்காரன்" என்றார். ஒட்டின் ஓரத்தைக் கூர்மையாக விடாமல் இருபக்கமும் மெலிதாகத் தட்டிச் சரித்து, ஆணியடிக்காமல் பற்றாசிலேயே பிடிக்க வைத்திருப்பதை விரலால் தடவிக் காட்டினார். சூடு ஏறும்போது ஒட்டும் சட்டியும் ஒரே அளவில் விரிய வேண்டும். அதற்காக அதே தடிப்பில், அதே நிறமுள்ள தகட்டைத் தேடி எடுத்திருக்கிறான் என்றார். கடையில் இந்த ஒட்டுக்காக விலையைக் குறைத்தார்கள் என்று சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று ஒரு விளக்கின் தட்டு வார்க்க வேண்டியிருந்ததால் முழுவதையும் இருந்து பார்க்க முடிந்தது. இரண்டு பாதியாகப் பிரியும் பெட்டியில், ஈரப்பதம் பார்த்துப் பிசைந்த மணலை இறுக்கி, மாதிரித் தட்டை அதில் அழுத்தி, மற்றப் பாதி ஒட்டாமலிருக்கச் சாம்பல் தூவி மூடுகிறார்கள். பெட்டியைப் பிரித்து மாதிரியை எடுத்தால் அதன் வடிவம் மணலில் நிற்கும். உலோகம் இறங்க ஒரு வழியும் காற்று வெளியேற ஒரு வழியும் வெட்டிவிட்டுத் திரும்ப மூடுகிறார்கள். மணலில் ஈரம் கூடினால் உருகிய உலோகம் பட்டதும் நீராவி சீறி வார்ப்பைப் பொரித்துவிடும்; குறைந்தால் சுவர் இடிந்துவிடும். ஐயா ஒரு பிடி மணலை இறுக்கிப் பிடித்து, விரலை விரித்து, கட்டி இரண்டாக முறியும் விதத்தைப் பார்த்து முடிவு செய்கிறார். அளவுக் கருவி ஏதும் இல்லை.

உலையில் துருத்திக்குப் பதிலாக மின்காற்றாடி. மூசை எனும் உருக்கும் கலத்தில் பழைய பித்தளைத் துண்டுகள் உருகத் தொடங்கியதும் வெள்ளைப் புகை எழுந்தது. அது துத்தநாகம் எரியும் புகை. செம்பு உருக 1085 பாகை செல்சியஸ் வேண்டும். துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆகவே பித்தளையை ஒவ்வொரு தடவை உருக்கும்போதும் துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, உலோகம் சிவப்பேறிக்கொண்டே போகும். உருகலின் மேல் கரித்தூளும் உடைந்த கண்ணாடியும் போட்டு மூடுவது இந்த இழப்பைக் குறைக்கத்தான். கடைசியில் துத்தநாகத் துண்டு ஒன்றைக் குறட்டால் பிடித்து உருகலுக்குள் அமிழ்த்தி, சிந்திய துளி ஆறியபின் அதன் நிறத்தைப் பார்த்து, போதும் என்றார். அந்தப் புகையை நாள் முழுவதும் சுவாசித்தவருக்கு மாலையில் குளிரும் காய்ச்சலும் வந்து, மறுநாள் காலையில் ஒன்றுமில்லாததுபோல் தெளிந்துவிடும். அது ஒரு நோய் என்றே தகப்பனார் காலத்தில் யாருக்கும் தெரியாது, வேலைக்குப் புதியவனுக்கு வரும் சடங்கு என்றுதான் நினைத்தார்களாம். இப்போது பட்டறையின் பின்சுவர் முழுவதையும் திறந்துவிட்டிருக்கிறார்.

ஊற்றும் வேலை கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. பிறகு நீண்ட நேரம் அரமும் கடைசலும்தான். ஒரு தட்டத்தின் விலையில் பெரும்பகுதி வார்ப்பில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் இந்தச் சத்தத்தில் இருக்கிறது என்பது தராசில் தெரியாது.

ஈயம் பூசுவதைப் பற்றிக் கேட்டேன். செய்வாராம், கோயில் மடைப்பள்ளி அண்டாக்களுக்கு இப்போதும் செய்கிறார். பாத்திரத்தை முதலில் மணலும் புளியும் போட்டுக் கறை இல்லாமல் தேய்க்க வேண்டும். கரி உலையில் வாட்டி, சூடு ஏறியதும் நவச்சாரப் பொடியைத் தூவ வேண்டும். குப்பென்று வெண்புகை கிளம்பி, உலோகத்தின் மேலிருக்கும் மெல்லிய அழுக்குப்படலத்தைத் தின்றுவிடும். உடனே வெள்ளீயக் குச்சியை உள்ளே தொட்டால், 232 பாகையில் உருகும் அது நீராக ஓடும். பஞ்சுச் சுருளால் ஒரே வீச்சில் சுற்றித் துடைத்தால் சட்டியின் உள்வயிறு முழுவதும் வெள்ளியாகிவிடும். சூடு குறைந்தால் ஈயம் திரளும், கூடினால் மஞ்சளடிக்கும். பூசிய சட்டியை வெறுமையாக அடுப்பில் விடக்கூடாது. எரிவாயு அடுப்பின் சூட்டில் பூச்சு வழிந்துவிடும். இதையெல்லாம் சொல்லும்போது அவருடைய கை தானாகவே பஞ்சைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

அப்படியானால் என் சட்டிக்கும் பூசித் தரலாமே என்றேன். கையில் தூய வெள்ளீயம் இல்லை என்றார். சந்தையில் மலிவாகக் கிடைப்பது காரீயம் கலந்த பற்றாசுக் கம்பிதான். அது இன்னும் குறைந்த சூட்டில் உருகும், பார்வைக்கும் பளபளக்கும், பூசுவதும் இலகு, ஆனால் சோறு சமைக்கும் பாத்திரத்தில் அதைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வேறு பட்டறைகளில் அதையே பூசிக் கொடுப்பதாகவும், வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியாது என்றும் அவரே சொன்னார். பெட்டகத்தின் மேலிருந்து இரண்டு குச்சிகளை எடுத்து வளைத்துக் காட்டினார். தூய வெள்ளீயம் வளையும்போது காதருகே பிடித்தால் மெல்லக் கிறீச்சிடும். காரீயம் அதிகம் கலந்தது பேசாமல் வளையும். காட்டுவதற்காக வைத்திருந்த அந்தத் தூய குச்சி சுண்டுவிரலளவு மட்டுமே. என் சட்டிக்குக் காணாது.

மாத முடிவில் கோயில் ஒன்றுக்கு அண்டா பூச வெள்ளீயம் வாங்க இருப்பதாகவும், மிச்சம் வந்தால் இதற்கும் பூசிவிடுவதாகவும் சொல்லிச் சட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். முற்பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. என்னிடம் கேட்டது தொலைபேசி இலக்கத்தையும், ஒட்டின் மேல் எந்தத் தூளையும் போட்டு மினுக்கமாட்டேன் என்ற உறுதியையும் மட்டும்தான்.